அண்ணனின் பெயர் பத்திரமாக இருக்கிறது, அவர் தலையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் கிள்ளானில் இருந்து எழுதுகிறேன். என் அண்ணனுக்கு 39 வயது. பதினைந்து வருடமாக எம்.எம்.ஏ. சண்டை போடுகிறார், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை, 70 கிலோ பிரிவு. எங்கள் வட்டாரத்தில் அவர் பெயர் தெரியாத பையன்கள் இல்லை. நான்தான் அவர் குத்திப் பழக பேட் பிடிப்பேன், சண்டை அன்று அவர் பக்கத்து மூலையில், கார்னரில், துணைக்கு நிற்பேன். கடைசி நான்கு சண்டையில் மூன்று தோல்வி, அதில் இரண்டு நாக் அவுட். கடைசியாக விழுந்தது ஒரு சாதாரணக் குத்துக்கு. முன்பெல்லாம் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு சிரிப்பார். இப்போது நான்கு மாதத்தில் வெளிநாட்டில் ஒரு சண்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "தோத்துட்டுப் போனவன்னு பேர் வாங்க மாட்டேன். ஒன்னே ஒன்னு ஜெயிச்சிட்டு நிறுத்திடுறேன்" என்கிறார். ராண்டி கூட்டூர் 43 வயதில் சாம்பியன் ஆகவில்லையா, குளோவர் டெஷேரா 42-ல் ஆகவில்லையா என்று கேட்கிறார். போன மாதம் வீட்டுக்கு வரும் வழியில் எந்தச் சந்திப்பில் திரும்புவது என்று தெரியாமல் வண்டியை ஓரம் நிறுத்தி எனக்குப் போன் செய்தார். தூக்கக் கலக்கம் என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. சிறு வயதிலிருந்தே நாங்கள் இருவரும் பிரேசில் எம்.எம்.ஏ. வீரர் ஆண்டர்சன் சில்வாவின் பைத்தியங்கள். அவருடைய கடைசி வருடங்களைப் பார்த்து அழுதிருக்கிறோம். அண்ணனும் அப்படி ஆகிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொன்னால் அவர் சாதித்ததை நான் மதிக்கவில்லை என்று ஆகிவிடுமா? அவர் கேட்காமல் போனால் நான் கார்னரில் நிற்பதா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை ஒரு வரியின் கீழே கோடு போட்டேன்: சந்திப்பு தெரியாமல் வண்டியை ஓரம் நிறுத்தினார் என்ற வரி. சில்வா, கூட்டூர், பெயர், புகழ் எல்லாவற்றையும் பேசுவோம். அதற்கு முன்னால் ஒன்று. இன்று முதல், ஒரு நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை, அண்ணன் தலையில் ஒரு அடியும் விழக்கூடாது. ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, கூடவே கூடாது. "மெதுவாத்தான் அடிச்சுக்கிறோம்", "ஹெட்கியர் போட்டுக்கிறோம்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஓடட்டும், எடை தூக்கட்டும், நீங்கள் பேட் பிடியுங்கள், மூட்டையைக் குத்தட்டும். சண்டைக்கு ஒப்புக்கொள்வதா இல்லையா என்ற பேச்சுக்கு நான்கு மாதம் இருக்கிறது. இதற்கு அவகாசம் இல்லை.

இனி சில்வா. நீங்கள் இருவரும் அழுதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எந்தச் சண்டையைப் பார்த்து என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2013 டிசம்பர் 28, கிறிஸ் வைட்மனுடன் இரண்டாம் சண்டை. உதைத்த இடது கால் வைட்மனின் முழங்காலில் பட்டு முறிந்தது. அல்லது 2020 அக்டோபர் 31, யுரையா ஹாலுடன். நான்காம் ரவுண்டில் சில்வாவை வீழ்த்திய ஹால், வென்ற மகிழ்ச்சியைக் காட்ட முடியாமல் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டார். அன்று சில்வாவுக்கு 45 வயது.

2006 அக்டோபரில் ரிச் ஃபிராங்க்ளினை வென்று பட்டம் எடுத்தவர் 2013 ஜூலை வரை, 2,457 நாள், அதை வைத்திருந்தார். பத்து முறை காத்தார். எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனமான யு.எஃப்.சி.யில் தொடர்ச்சியாக 16 வெற்றி. அதன் பிறகு அங்கே அவர் கணக்கில் ஏழு தோல்வி, ஒரே ஒரு வெற்றி. நிக் டயஸுக்கு எதிரான வெற்றியும் ஊக்கமருந்துப் பரிசோதனையால் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இந்தப் பின்பாதியை மட்டும் ஒரு தாளில் எழுதிப் புதியவர் ஒருவரிடம் கொடுத்தால், யாரோ ஒரு சுமாரான வீரர் என்பார். ஆனால் 2023-ல் அவரை யு.எஃப்.சி. தன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது பின்பாதியைக் காட்டி யாரும் தடை சொல்லவில்லை. இன்று உங்கள் ஜிம்மில் ஒரு பையனிடம் சில்வா பெயரைச் சொல்லிப் பாருங்கள். 2011-ல் விட்டோர் பெல்ஃபோர்ட்டின் தாடையில் விழுந்த முன்னுதையைச் சொல்வான். 2010-ல் நாலரை ரவுண்டு சேல் சோனனுக்குக் கீழே அடி வாங்கிக் கிடந்துவிட்டு, ஐந்தாம் ரவுண்டில் கால்களால் கழுத்தைப் பூட்டி முடித்ததைச் சொல்வான்.

நீங்கள் இருவரும் அழுததும் அதனால்தான். தன் உச்சத்தில் உங்கள் மனத்தில் உட்கார்ந்துவிட்டவர் அடி வாங்குகிறாரே என்று அழுதீர்கள். அவர் மீதான மதிப்பு குறைந்து அழவில்லை.

ரஷ்ய வீரர் ஃபெடோர் எமெலியானென்கோவையும் பாருங்கள். 2010-ல் ஃபப்ரீசியோ வெர்டூமிடம் தோற்கும் வரை ஏறக்குறைய பத்து ஆண்டு யாரும் அவரை வீழ்த்தவில்லை. கடைசிச் சண்டை 2023 பிப்ரவரியில், 46 வயதில், ரையன் பேடரிடம். முதல் ரவுண்டிலேயே தோற்றார். தோற்றவரைச் சுற்றி நிற்க கூட்டூர், சக் லிடெல் போன்ற பழைய ஜாம்பவான்கள் கூண்டுக்குள் ஏறி வந்தார்கள். கடைசித் தோல்வி பழைய வெற்றிகளைத் தின்றுவிடும் என்றால் அத்தனை பேர் ஏறி வந்திருப்பார்களா?

அண்ணனிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். அவர் பெயர் ஆபத்தில் இல்லை. உங்கள் வட்டாரத்துப் பையன்கள் எந்தச் சண்டையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தார்களோ அது நடந்து முடிந்துவிட்டது. அதை இனி அவராலும் மாற்ற முடியாது, நான்கு மாதம் கழித்து எதிரில் நிற்கப்போகிறவனாலும் மாற்ற முடியாது. நிறுத்தச் சொல்வது சாதனையை மதிக்காததாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தம்பி. சாதனை முடிந்தது, நிறைந்தது என்று நம்புகிறவனால்தான் "போதும் அண்ணே" என்று சொல்ல முடியும்.

"ஒன்னே ஒன்னு ஜெயிச்சிட்டு" என்பதைப் பற்றி. மேடையோர மருத்துவராகப் பல ஆண்டு குத்துச்சண்டைப் போட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாக்கியத்தைச் சொல்லாத மூத்த வீரரை நான் பார்த்ததில்லை. சொன்னபடி நடந்ததும் உண்டு. ராபி லாலர் இதுதான் கடைசி என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு 2023 ஜூலையில் நிக்கோ பிரைஸை 38 விநாடியில் வீழ்த்தி விடைபெற்றார். அப்போது அவருக்கு 41. பார்க்கவே நெஞ்சு நிறைந்தது. ஆனால் அந்த 38 விநாடியைக் கடையில் வாங்க முடியாது. அதற்கு ஆசைப்பட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்த விதம் வேறு.

இன்னொரு சிக்கல் ஜெயித்தால் வரும். சில்வாவுக்கு அந்தக் கடைசி வெற்றி கிடைக்கத்தான் செய்தது. 2017 பிப்ரவரி, டெரிக் பிரன்சன், நடுவர்கள் தீர்ப்பில் வெற்றி, வயது 41. அன்று கையுறையைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. பிறகு அடேசான்யா, கனோனியர், ஹால் என்று வரிசையாக மூன்று தோல்வி. ஜெயித்தவன் எதற்கு நிறுத்த வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். தோற்றவனுக்கோ இப்படியா முடிவது என்று கேட்கும். இரண்டு குரலும் ஒரே இடத்துக்குத்தான் கூட்டிப்போகும். அதனால் நிறுத்தும் நாளைச் சண்டையின் முடிவோடு முடிச்சுப் போடவே கூடாது என்பது என் கருத்து.

கூட்டூர் கணக்கை அண்ணன் சொன்னால் மறுக்காதீர்கள். உண்மைதான். 2007 மார்ச்சில் டிம் சில்வியாவை வென்று 43 வயதில் ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். ஆனால் கூட்டூர் எப்போது ஆரம்பித்தார் என்று அண்ணனைக் கேளுங்கள். 1997-ல், 33 வயதில். அதுவரை மல்யுத்த வீரர். உங்கள் அண்ணனின் இன்றைய வயதில் கூட்டூர் கூண்டுக்குள் கழித்திருந்தது வெறும் ஐந்து ஆண்டு. அண்ணன் கழித்திருப்பது பதினைந்து. வண்டியை வாங்கிய வருடத்தைக் கேட்டால் போதாது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மேலும் கூட்டூரும் டெஷேராவும் கனமான பிரிவுக்காரர்கள். கனமான பிரிவுகளில் வேகம் சற்றுக் குறைந்தாலும் பலமும் பிடியும் ஈடுகட்டும். 70 கிலோவில் வேகம்தான் மூலதனம். எடை குறைந்த பிரிவுகளில் 35 தாண்டியவர்கள் பெரிய பட்டம் வெல்வது மிக அரிது, இது அண்ணனுக்கே தெரிந்திருக்கும்.

டெஷேராவை அவர் பாதி மட்டுமே சொல்லியிருக்கிறார். 2021 அக்டோபர் 30, அபுதாபியில் யான் பிளாஹோவிச்சைத் தரையில் சாய்த்து, பின்னாலிருந்து கழுத்தை நெரித்துப் பட்டம் வென்றார். மீதிப் பாதி 2023 ஜனவரி, ரியோ. சொந்த நாட்டு மக்கள் முன்னால் ஜமஹால் ஹில்லிடம் ஐந்து ரவுண்டு அடி வாங்கினார். முகமெல்லாம் கிழிந்தும் விழவில்லை. முடிந்ததும் மைக்கைப் பிடித்து, என் முரட்டுப் பிடிவாதம் என் உடம்புக்கே ஆகாது என்ற பொருளில் பேசி, அங்கேயே ஓய்வை அறிவித்தார். நிற்கத் தெரிந்தவன் விழத் தெரியாமல் மாட்டிக்கொள்வான் என்பதை அவரே புரிந்துகொண்டார். பிறகு என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் அண்ணனுக்கு மிகவும் வேண்டியது.

இப்போது என் துறை. சாதாரணக் குத்துக்கு விழுந்தார் என்று எழுதினீர்களே, ஜிம்மில் அதற்குத் "தாடை போச்சு" என்பார்கள். தாடைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தாடையில் விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது. மண்டையோடு திரும்பிய வேகத்துக்கு உள்ளே இருக்கும் மூளையால் திரும்ப முடிவதில்லை. நரம்பணுக்களின் நீளமான இழைகள் இழுபடுகின்றன. ஒரு முறை இழுபட்டால் பெரும்பாலும் தேறிவிடும். நூற்றுக்கணக்கான முறை இழுபட்ட இழை, முன்பு தாங்கிய அடியை இப்போது தாங்காது. வீரர் மயங்கி விழும் எல்லை கீழே இறங்கிவிடுகிறது. இதில் நாக் அவுட்டை மட்டும் எண்ணுவது தப்புக் கணக்கு. மயக்கம் வராத சிறு அடிகள், அதாவது வாரம் மூன்று நாள் ஸ்பாரிங்கில் வாங்கி, துடைத்துக்கொண்டு போகிறவை, எண்ணிக்கையில் பல மடங்கு. பதினைந்து வருடத்தில் அண்ணன் தலை வாங்கியதில் பெரும்பகுதி மேடையில் விழுந்ததாக இருக்காது. உங்கள் ஜிம்மில் விழுந்ததாகத்தான் இருக்கும்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. வயது ஏறும்போது மூளை சற்றே சுருங்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பாலம்போல் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அப்போது இழுபட்டு நிற்கும், அடியில் கிழிய வாய்ப்பு கூடும். எடைப் பிரிவுக்காக உடம்பின் நீரை வற்றவைத்துவிட்டு மேடையேறுவது இன்னொரு சுமை.

லாஸ் வேகாஸில் கிளீவ்லாந்து கிளினிக்கின் மூளை மையத்தில் 2011 முதல் குத்துச்சண்டை வீரர்களையும் எம்.எம்.ஏ. வீரர்களையும் ஆண்டுதோறும் அழைத்துப் பரிசோதித்து வருகிறார்கள். சண்டைகள் கூடக் கூட மூளையின் உட்பகுதிகளான தலாமஸ், காடேட் ஆகியவற்றின் அளவு குறைவதையும், யோசிக்கும் வேகம் மந்தமாவதையும் அவர்கள் கண்டார்கள். என் நோயாளிகளுக்கு நான் ஆர்வத்தோடு எடுத்துச் சொல்வது அவர்களுடைய இன்னொரு முடிவை. சண்டையை விட்டவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டபோது, விட்டவர்களின் நினைவாற்றலிலும் வேகத்திலும் தேறுதல் தெரிந்தது. மூளை நரம்பு சேதமாகும்போது இரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தின் அளவும் அவர்களுக்குக் குறைந்தது. எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் "இவ்வளவு வாங்கியாச்சு, இனிமே நிறுத்தி என்ன ஆகப் போகுது" என்று அண்ணன் சொன்னால், ஆகும் என்று துணிந்து சொல்லுங்கள். 39-ல் நிறுத்தும் தலைக்கும் 43-ல் நிறுத்தும் தலைக்கும் வித்தியாசம் உண்டு.

எம்.ஆர்.ஐ. எடுத்து எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டால்? இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. தொடர் அடிகளால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவை உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய இன்றுவரை வழி இல்லை. இறந்த பின் மூளைத் திசுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்கேனில் இரத்தக் கசிவு, கட்டி போன்றவை இல்லை என்று தெரிந்தால் நல்லதுதான். அது சண்டை போடலாம் என்று கொடுக்கும் அனுமதிச் சீட்டு அல்ல.

அண்ணனுக்கு வந்திருப்பது அடியால்தான் என்று இப்போதே முடிவுகட்டவும் வேண்டாம். வழி மறந்ததற்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். தலையடி பிட்யூட்டரி சுரப்பியைப் பாதித்து, அதனால் சோர்வு வருவதும் உண்டு. ஆகவே இவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டும். அவற்றோடு நினைவு, கவனம், வேகம் ஆகியவற்றை உட்காரவைத்துச் சில மணிநேரம் சோதிக்கும் நரம்பு உளவியல் பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கண்ணின் விழித்திரையையும் காட்டுங்கள். மைக்கேல் பிஸ்பிங் 2013-ல் பெல்ஃபோர்ட்டுடன் சண்டையிட்ட பிறகு வலது கண்ணில் விழித்திரை விலகி, ஏறக்குறைய ஒற்றைக் கண்ணோடு போராடி 2016-ல் பட்டம் வென்றார். வீரக் கதையாக அதைச் சொல்கிறார்கள். மருத்துவனாக எனக்கு அதைக் கேட்டால் வயிறு கலங்கும். அதே பிஸ்பிங் 2017 நவம்பர் 4-ல் ஜார்ஜ் செயின்ட் பியரிடம் அடி வாங்கிக் கழுத்து நெரிபட்டு நினைவிழந்தார். 21 நாள் கழித்து ஷாங்காயில் மறுபடி கூண்டுக்குள் நின்று, முதல் ரவுண்டிலேயே நாக் அவுட் ஆனார். அதுதான் அவர் கடைசிச் சண்டை. அந்த 21 நாளுக்குள் அவரைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்த இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். கார்னர் கேள்விக்கு வருகிறேன்.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி, எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலம். எனக்கு அப்போது பதிமூன்று வயது. அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு எக்கி எக்கிப் பார்த்தேன். அவர் கை அசைத்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்று அங்கே கைதட்டிய ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அவருடைய சொந்த மருத்துவர் இரண்டு வருடம் முன்பே அவரை விட்டு விலகியிருந்தார் என்று? ஃபெர்டி பச்சேக்கோ. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸுடன் பதினைந்து ரவுண்டு அடிபட்டு அலி வென்ற பிறகு, அவருடைய சிறுநீரகம் பழுதாகிவருவதைக் காட்டும் பரிசோதனை முடிவு பச்சேக்கோ கைக்கு வந்தது. அதை அலிக்கும், அவர் மனைவிக்கும், மேலாளருக்கும் அனுப்பினார். ஒருவரும் பதில் எழுதவில்லை. விலகிவிட்டார்.

பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி விலகவில்லை. சென்னையை விட்டுப் போன அதே ஆண்டு, அக்டோபர் 2, லாஸ் வேகாஸில் 38 வயது அலி லாரி ஹோம்ஸுக்கு எதிரே நின்றார். ஒரு காலத்தில் தனக்கு ஸ்பாரிங் கூட்டாளியாக இருந்தவரிடம், கையைத் தூக்கக்கூட முடியாமல் அடி வாங்கினார். பத்தாம் ரவுண்டு முடிந்ததும் போதும் என்று நிறுத்தியவர் டண்டி. அலி பதினாலு மாதம் கழித்து இன்னும் ஒரு முறை, பஹாமாஸில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றார். 1984-ல் பார்கின்சன் நோய் என்று அறிவிக்கப்பட்டது. அந்த நோய்க்கு அடிகள் எந்த அளவுக்குக் காரணம் என்பதில் மருத்துவர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஆனால் அந்தக் கடைசி இரண்டு சண்டைகள் நடந்திருக்கவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விலகிய பச்சேக்கோ சரியா, நின்ற டண்டி சரியா என்று பல வருடம் எனக்குள் வாதாடியிருக்கிறேன். இளம் மருத்துவனாக இருந்தபோது பச்சேக்கோ பக்கம். இன்று உங்களுக்கு நான் சொல்வது இது. பரிசோதனை முடிவு பாதகமாக வந்து, அதையும் மீறி அண்ணன் கிளம்பினால் நீங்கள் போகாதீர்கள். பேட் பிடிக்காதீர்கள், விமானச் சீட்டுப் போடாதீர்கள். தம்பி இல்லாத கார்னர் அவரை நிறுத்தினாலும் நிறுத்தும். பரிசோதனைகள் எல்லாம் நன்றாக வந்து, மருத்துவரும் சரி என்று எழுதிக் கொடுத்து, அவர் இறங்குகிறார் என்றால் நீங்கள்தான் நிற்க வேண்டும். வேறு ஆளை நிற்கவிடாதீர்கள். முன்பணத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்பே அண்ணன் வாயால் ஒரு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்: "தம்பி நிறுத்துன்னா நிறுத்திக்கிறேன், அதுக்கப்புறம் அவன்மேல கோபப்பட மாட்டேன்." ஒரு முறை தடுமாறி விழுந்தால், ரவுண்டு இடைவெளியில் நீங்கள் கேட்பதற்குப் பதில் தாமதமாக வந்தால், அடுத்த ரவுண்டு கிடையாது. நடுவரிடம் சொல்லிவிடுங்கள். அரங்கம் கூச்சல் போடும். போடட்டும். மறுநாள் காலையில் அவர்கள் யாரும் உங்கள் அம்மா வீட்டுக்குச் சாப்பிட வரப்போவதில்லை.

எப்படிப் பேசுவது? ஜிம்மில் வேண்டாம், பையன்கள் முன்னால் அவர் அண்ணனாக இருந்தாக வேண்டும். தோல்வி பற்றி ஆரம்பிக்காதீர்கள், ஆரம்பித்தால் அது சண்டைப் பேச்சாகிவிடும், சண்டைப் பேச்சில் அவரை நீங்கள் ஜெயிக்க முடியாது. அம்மா கண்ணீரை ஆயுதமாக்கவும் வேண்டாம். கபீப் நுர்மகமெதோவ் 2020-ல் தந்தை இறந்த சில மாதத்தில், தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக 29 சண்டையில் ஒன்றும் தோற்காமல் நிறுத்தினார். அது அவரே மனதார எடுத்த முடிவு. கட்டாயத்தில் வாங்கிய வாக்கு ஆறு மாதம் தாங்காது. இரவு இருவரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, அந்தச் சந்திப்பைப் பற்றி மட்டும் கேளுங்கள். "அன்னைக்கு வண்டியை நிறுத்துனப்ப பயமா இருந்துச்சாண்ணே?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் சொல்லட்டும். பயந்ததை அவர் இதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டார். சொல்லத் தெரியாத பயம்தான் "இன்னும் ஒன்னு" என்று வெளியே வருகிறது.

அப்புறம், சாப்பாட்டுப் பிரச்சினை. ஓய்வு என்று சொல்வது எளிது. சக் லிடெல் 2008 முதல் 2010 வரை மூன்று கொடூரமான நாக் அவுட்டுக்குப் பிறகு ஓய்வு பெற்றார். யு.எஃப்.சி. அவருக்கு ஒரு நிர்வாகப் பதவி கொடுத்தது. மனிதர் ஒதுங்கியே இருந்தார். 2016-ல் நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்குக் கைமாறியது, அந்தப் பதவி போனது. 2018 நவம்பரில், 48 வயதில், முன்பு தான் இரண்டு முறை வென்ற டிட்டோ ஓர்டிஸிடம் முதல் ரவுண்டிலேயே விழுந்துகிடந்தார். எதற்குத் திரும்பினார் என்று அவர் மனத்துக்குள் போய்ப் பார்க்க என்னால் முடியாது. வேலை இருந்தவரை திரும்பவில்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆகவே அண்ணனிடம் "நிறுத்துங்க" என்று சொல்லப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து அவர் எங்கே போவார் என்பதற்கு ஒரு பதில் எடுத்துக்கொண்டு போங்கள். டெஷேரா கதையின் மிச்சம் இங்கே உதவும். ஓய்வு பெற்றவர் தன் ஜிம்மில் அலெக்ஸ் பெரேராவோடு நின்றார். குத்தும் உதையும் வெளுத்துக்கட்டும் பெரேராவுக்குத் தரைப் பிடிகளைச் சொல்லிக் கொடுத்தார். தான் தோற்றுக் கையுறையைக் கழற்றிய அதே ஆண்டு நவம்பரில், தான் வைத்திருந்த அதே பட்டத்தைப் பெரேரா வென்றபோது கார்னரில் டெஷேரா இருந்தார். உங்கள் வட்டாரத்தில் அண்ணன் பெயர் சொல்லும் பையன்கள் இருக்கிறார்கள் என்றீர்கள். அவர்களில் இருவரை இந்த மாதமே அவர் கையில் ஒப்படையுங்கள். அவர் தலையில் அடி படாமல் சொல்லிக்கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஜிம் உரிமையாளரிடம் நீங்களே முன்னால் நின்று பேசி முடியுங்கள், அண்ணன் கேட்கக் கூச்சப்படுவார்.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு நோட்டு எடுத்துத் தேதி போட்டு எழுதுங்கள். எந்தெந்தச் சண்டையில், எந்த ஸ்பாரிங்கில் விழுந்தார், எத்தனை நேரம் மயங்கினார், தலைவலி, வெளிச்சம் பட்டால் கூசுவது, தூக்கம், திடீர்க் கோபம், பேச்சு குழறியது, பெயர்கள் மறந்தது. பழைய ஸ்பாரிங் வீடியோ ஐந்து வருடத்துக்கு முந்தையதும், இந்த வருடத்தியதும் கைபேசியில் இருக்கட்டும், மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும். உள்ளே அண்ணன் பாதியைக் குறைத்துத்தான் சொல்வார். அப்போது குறுக்கே பேசாமல் நோட்டை மேசைமேல் வையுங்கள்.

போகிற அன்று வண்டியை நீங்கள் ஓட்டுங்கள். முடிவு தெரியும் வரை அவரைத் தனியாக ஓட்ட விடாதீர்கள். முடிவுகள் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், காத்திருப்பேன்.